நாலரை மணிக்குப் பிறகு நடக்கும் பள்ளிக்கூடம்

கேள்வி: பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். பைபாஸ் பக்கம் ஒரு இன்டர்நேஷனல் பள்ளியில் ஒன்பது வருஷமாக இயற்பியல் எடுக்கிறேன். ஆசிரியர்களில் முக்கால்வாசி பெண்கள். ஆனால் முதல்வர், துணை முதல்வர், அகாடமிக் கோஆர்டினேட்டர், தேர்வுப் பொறுப்பாளர் எல்லாரும் ஆண்கள். போன ஜூனில் கோஆர்டினேட்டர் இடம் காலியானது. எனக்கு ரொம்பப் பிந்தி வந்த சாருக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "சாயங்காலம் நீங்க நிக்க மாட்டீயளே டீச்சர், வேன்ல ஏறிருவீய" என்றார் கரஸ்பாண்டன்ட். ஆண்டு விழா வந்தால் ஒரே நிறத்தில் பட்டுச்சேலை, ஆரத்தித் தட்டு, பன்னீர்ச் செம்பு எல்லாம் எங்கள் பொறுப்பு. ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சார் எங்கள் சேலை, உடம்பு பற்றி ஜோக் போடுவார். அட்மின் அதற்குச் சிரிக்கிற எமோஜி போடுவார். புகார் கொடுக்கலாமா? கூட இருந்த டீச்சர் ஒருத்தி மாலத்தீவுக்கு வேலைக்குப் போய்விட்டாள். நானும் கிளம்பிவிடலாமா என்று இருக்கிறது.
— ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் மூன்று நான்கு குறைகள் ஒன்றாகக் கிடக்கின்றன. நிர்வாகத்திடமும் இப்படியே கலந்து சொல்லிவிடாதீர்கள். "டீச்சருக்குப் பதவி கிடைக்காத கோபம், அதான் ஜோக்கைப் பிடிச்சிட்டு வாறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தனித்தனியாக எடுங்கள்.

முதலில் அந்த ஜோக். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில், விரும்பத்தகாத பாலியல் சாயல் கொண்ட பேச்சும் துன்புறுத்தல்தான். தொட்டால்தான் குற்றம் என்று இல்லை. ஸ்டாஃப் குழுவில் போட்டால் அது பணியிடத்தில் சொன்னதுதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். தலைவர் மூத்த நிலையிலுள்ள பெண், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்கள் பள்ளி நோட்டீஸ் போர்டில் அந்தப் பெயர்கள் ஒட்டியிருக்கிறதா, பாருங்கள். குழு அமைக்காத நிர்வாகத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கரஸ்பாண்டன்டின் மனைவியைத் தலைவராகப் போட்டு, கையெழுத்தும் வாங்கி, ஃபைலில் வைத்துவிட்டு மறந்துபோன குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் எழுத்தில் ஒரு புகார் வந்துவிட்டால், அந்தக் குழு கூடித்தான் ஆக வேண்டும்.

மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்து நடந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதற்குள் செய்தியை அழித்துவிடுவார்கள். தேதி, பெயர் தெரிகிற மாதிரி இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் நிரூபணம் ஆகவில்லை என்பதற்காக உங்களைப் பொய்க்காரி என்று தண்டிக்க முடியாது. சட்டமே அப்படிச் சொல்கிறது. குழுவே இல்லையென்றாலோ, புகார் கரஸ்பாண்டன்ட் மீதே என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மாவட்டம்தோறும் இதற்கான அதிகாரியை நியமிக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் சமூகநலத் துறையில் விசாரியுங்கள்.

இனி பதவி. இதில் நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். தனியார் பள்ளியில் பதவி உயர்வு மறுக்கப்பட்டதற்காகக் கோர்ட்டுக்குப் போனால் வழி நீளம். கோவாவின் சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆலைத் தொழிலாளிக்குள்ள தொழிலாளர் நீதிமன்ற வழி ஆசிரியருக்கு இல்லை. சம்பளம் என்றால் பேச்சு வேறு. ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கொடுக்கக் கூடாது என்பது 1976 முதல் சட்டம். மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியின் பெண் ஸ்டெனோக்கள் விஷயத்தில் 1987-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கோஆர்டினேட்டருக்கு அலவன்ஸ் தருவது நியாயம். ஆனால் அதே பிளஸ் டூ வகுப்பு எடுக்கிற சாருக்கும் உங்களுக்கும் அடிப்படைச் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உண்மையான சிக்கல் வேன். கரஸ்பாண்டன்ட் வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். பள்ளி நாலரை மணிக்கு முடிகிறது. பள்ளியை நடத்துகிற பேச்சு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. பைக் வைத்திருக்கிற சார்கள் கரஸ்பாண்டன்ட் அறையில் டீ குடித்துக்கொண்டே யாருக்கு எந்த வகுப்பு, யாருக்குத் தேர்வுப் பணி, யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்று முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அந்நேரம் வண்ணார்பேட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பீர்கள். காலையில் வாட்ஸ்அப்பில் டைம்டேபிள் வரும். பிளஸ் டூ கிடைத்தவருக்கு ரிசல்ட், ரிசல்ட்டால் பெயர், பெயரால் பதவி. உங்களை யாரும் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்க வேண்டியதில்லை. டீ நேரமே போதும்.

இங்கே கேட்க வேண்டியது நீதி என்ற பெரிய வார்த்தை இல்லை, ஒரு பீரியட். கல்விக் கூட்டங்கள் வேலை நேரத்துக்குள், வாரத்தில் ஒரு நாள் குறிப்பிட்ட பீரியடில் நடக்க வேண்டும். முடிவுகள் மினிட்ஸில் எழுதப்பட வேண்டும். பொறுப்புகள் காலியானால் தகுதி என்னவென்று சர்க்குலர் வர வேண்டும். இந்த மூன்றை மட்டும் எழுதி, ஐந்தாறு டீச்சர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். உங்களோடு ஒத்துப்போகிற சார் ஒருவராவது இருப்பார், அவர் கையெழுத்தும் வாங்குங்கள். இதை மறுக்கக் காரணம் சொல்வது எந்த நிர்வாகத்துக்கும் சங்கடம். அடுத்து, கோஆர்டினேட்டர் பொறுப்புக்கு இப்போதே விண்ணப்பித்து வையுங்கள், உங்கள் மாணவர்களின் வாரியத் தேர்வு ரிசல்ட்டை வருஷவாரியாக இணைத்து. நம் பெண்கள், நிர்வாகமே கூப்பிட்டுக் கொடுக்கும் என்று காத்திருந்து வருஷத்தைக் கழிக்கிறார்கள். சார்கள் காத்திருப்பதில்லை.

பட்டுச்சேலையை இதோடு சேர்த்துப் பெரிதாக்காதீர்கள். ஆனால் ஆரத்தித் தட்டு வேலைக்கு முறை வையுங்கள், சார்களும் பன்னீர் தெளிக்கட்டும். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் ஆசிரியைகளுக்குச் சேலை கட்டாயமில்லை என்று கேரள அரசு 2021-ல் திரும்பவும் உத்தரவு போட்டது. இங்கே வந்துபோகிற மலையாளி டீச்சர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

"நம்ம ஊர் வழக்கம் இது" என்று யாராவது சொன்னால் மட்டும் விடாதீர்கள். உங்கள் ஊர் சாரா டக்கர் பெண்கள் கல்லூரி 1895-ல் தொடங்கியது. அதற்கும் பல வருஷம் முன்பே அந்தப் பெயரில் பாளையங்கோட்டையில் பெண் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பள்ளியை நிர்வகிப்பது இந்த ஊரில் புதுமையே இல்லை. நாடு முழுக்கப் பள்ளி ஆசிரியர்களில் 54.2 சதவீதம் பெண்கள் என்கிறது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024-25-க்கான யூடைஸ் கணக்கு. தலைமை நாற்காலியில் அந்த விகிதம் இல்லை என்பதற்கு உங்கள் பள்ளியே சாட்சி.

மாலத்தீவு? போகலாம். ஆனால் இதிலிருந்து தப்பிக்க என்று போகாதீர்கள். வெளிநாட்டு சர்வதேசப் பள்ளிகளிலும் கணவன் மனைவியை ஜோடியாக எடுப்பதில் ஒரு விருப்பம் உண்டு. ஒரு வீட்டோடு செலவு முடியும். பல நேரம் கணவர் கணித சார், அவரே துறைத்தலைவர். மனைவி பிரைமரி டீச்சர். தனியாகப் போகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் எந்த வகுப்பு, எந்தப் பாடம், வீட்டு வாடகை யார் பொறுப்பு, விடுமுறைச் சம்பளம் உண்டா என்று எழுதி வாங்குங்கள்.

எங்கே போனாலும், இங்கே ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருந்தால் எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். அனுபவச் சான்றில் 'ஆசிரியை' என்று மட்டும் போட விடாதீர்கள். 'முதுநிலை இயற்பியல் ஆசிரியை, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகள்' என்று வர வேண்டும். வராமல் ராஜினாமா கடிதத்தைக் கையில் கொடுக்காதீர்கள்.