பேறுகால அச்சமும் பஞ்ச நமஸ்கார தியானமும்

அச்சம் ஒன்பது நோகஷாயங்களுள் ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் அதனை மோகனீய கர்மத்தின் பிரிவுகளுள் வைத்து எண்ணுகிறது. கர்ம உதயத்தால் தோன்றும் ஒன்றை, "இவ்வளவு கோழையா நீ" என்று மாமியாரோ அண்டை வீட்டாரோ ஏசிப் போக்கிவிட முடியாது. ஏச்சால் அச்சம் உள்ளே பதுங்குமேயன்றி ஒழியாது.

நம் ஆசாரியர்கள் அச்சத்தை ஏழாக வகுத்தனர். அவற்றுள் வேதனா பயம், மரண பயம், எதிர்பாராதது நேருமோ என்னும் ஆகஸ்மிக பயம் ஆகிய மூன்றும் தலைப்பிள்ளை சுமப்பவளிடம் ஒருங்கே வந்து நிற்கின்றன. அகுப்தி பயம் என்பது மறைவும் காப்பும் இல்லாத இடத்தில் எழுவது. திரைச்சீலை இல்லாத பிரசவ அறையில் கிடந்தவள் அதற்கு உரை எழுதுவாள்! ஆகவே, "பயப்படாதே" என்பதை விடுத்து, "எதற்கு அஞ்சுகிறாய்?" என்று கேட்டல் நன்று. மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டிய அச்சம் ஒன்று. வண்டியை முன்னரே பேசி வைத்தால் தணியும் அச்சம் வேறொன்று. துணை இருந்தால் அகலும் அச்சமும் உண்டு. பிரசவத்தின்போது தாய் விரும்பும் துணை ஒருவர் உடனிருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்துள்ளது.

எஞ்சுவது வேதனையைப் பற்றிய அச்சம். வந்த வலியையும் வரப்போகும் வலியையும் ஓயாது எண்ணுதல் ஆர்த்த தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்று. வலி வேறு, வலியைப் பற்றிய எண்ணம் வேறு. அச்சத்தால் தசைகள் இறுகுகின்றன, இறுக்கத்தால் வலி மிகுகிறது, மிகுந்த வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது என்று ஆங்கில மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் எழுதினார். அவர் நூல் 1942-இல் வெளிவந்தது. அமெரிக்கச் செவிலியர் நான்சி பார்டேக் 1998 முதல் கருவுற்றோர்க்கு விழிப்புணர்வுப் பயிற்சி அளித்தார். இவை நமக்கு அயலானவை அல்ல. காயோத்சர்க்கத்தில் 27 மூச்சில் 9 முறை பஞ்ச நமஸ்காரம் நினைக்கும் முறை நம்மிடம் உண்டு.

அம்முறையாவது: முதல் மூச்சில் அருகரையும் சித்தரையும், இரண்டாம் மூச்சில் ஆசாரியரையும் உபாத்தியாயரையும், மூன்றாம் மூச்சில் சாதுக்களையும் வணங்குதல். மூச்சை அடக்குதல் கூடாது. வெளிவிடும் மூச்சு சற்றே நீளட்டும். ஐந்து திங்களுக்குப் பின் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்தோ சாய்ந்து அமர்ந்தோ செய்க. மனம் அலையும், அலைந்ததை அறிந்து மூச்சுக்கே திரும்புதல்தான் பயிற்சி. பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்றுவதைப் போல, நாள்தோறும் சிறிது சிறிதாக ஏழாம் மாதத்திலேயே தொடங்க வேண்டும். வலி வந்தபின் கற்பிக்க இயலாது.

பேற்று வலி இடைவிடாதது அன்று. வலி முற்றிய நிலையிலும் ஒவ்வோர் அலையும் ஏறத்தாழ ஒரு நிமிடம் நிற்கும். பின் ஓய்வு வரும். மூன்று மூச்சுக்குக் கால் நிமிடம் எனக் கொண்டால், நான்கு நமஸ்காரத்தில் ஓர் அலை கடந்துவிடும். அடுத்த அலையை அஞ்சி இடைவேளையை இழப்பதே பெரிய இழப்பு. அவ்வேளையில் தாடையையும் தோளையும் தளர்த்துக.

தீட்டுள்ள அறையில் மந்திரம் நினைக்கலாமா என்று இளம்பெண்கள் தயங்குகின்றனர். சில மூத்தோர் தடுக்கவும் செய்கின்றனர். நித்திய பூஜையின் தொடக்கத்தில் நாம் ஓதும் சுலோகமே, தூய நிலையிலும் தூய்மையற்ற நிலையிலும் பஞ்ச நமஸ்காரத்தைத் தியானிக்கலாம் என்கிறது. நாவால் உரைக்கத் தயங்குவோர் மனத்தால் நினைக்கலாம்.

சுவேதாம்பர மரபின் கல்பசூத்திரத்தில் ஒரு செய்தி உண்டு. தாய்க்கு நோவு கூடாதெனக் கருவிலிருந்த மகாவீரர் அசையாதிருக்க, திரிசலை தேவி சிசுவுக்குத் தீங்கு நேர்ந்ததோ எனக் கலங்கினார். சிசு அசைந்தபின்னரே தெளிந்தார். அத்தகைய கலக்கத்தைத் தியானத்தால் அடக்க முயலுதல் தவறு. சிசுவின் அசைவு குறைந்தாலோ, குருதி கசிந்தாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, கடுந்தலைவலியுடன் பார்வை மங்கினாலோ நள்ளிரவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108 எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும். மூச்சை எண்ணுவதை அவ்வண்டியில் அமர்ந்தபின் தொடரலாம்.