முதலில் கண்ட்ரோல் சேனலைப் பிடியுங்கள்

அமெரிக்காவில் போலீஸ், தீயணைப்பு வயர்லெஸ்ஸைக் கேட்க ஸ்கேனர் வாங்குபவர்களில் பலர், கையில் கிடைத்த அலைவரிசைகளையெல்லாம் அதில் ஏற்றிவிடுகிறார்கள். பேச்சு துண்டு துண்டாக வருகிறது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்றே பிடிபடுவதில்லை. மின்னசோட்டாவின் ஆர்மர், ஒஹாயோவின் மார்க்ஸ் போன்ற டிரங்கிங் அமைப்புகளில் எந்தத் துறைக்கும் நிரந்தரப் பேச்சு அலைவரிசை கிடையாது. ஒருவர் பொத்தானை அழுத்தியதும் அவருடைய ரேடியோ கண்ட்ரோல் சேனல் வழியாக இடம் கேட்கிறது. அமைப்பு ஒரு காலிச் சேனலை ஒதுக்க, அவருடைய டாக்குரூப்பின், அதாவது அவரோடு ஒரே குழுவாகப் பேசுபவர்களின், ரேடியோக்கள் எல்லாம் அதற்குத் தாவுகின்றன. பதில் வேறொரு சேனலில் வரலாம்.

ஆகவே பி25 எனும் டிஜிட்டல் தரத்தில் இயங்கும் அமைப்பானால், உங்களுக்கு நன்றாக எட்டும் ஒரே ஒரு சைட்டின் (ஒலிபரப்பு நிலையத்தின்) கண்ட்ரோல் சேனலையும் அதன் மாற்றுச் சேனல்களையும் மட்டும் கொடுங்கள். மற்றதை ஸ்கேனர் அதிலிருந்தே தெரிந்துகொள்ளும். பழைய ஈடாக்ஸ் வகை டிரங்கிங் அமைப்பு அப்படியல்ல. எல்லா அலைவரிசைகளையும் சேனல் எண் வரிசை பிசகாமல் ஏற்றியே ஆகவேண்டும்.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை மூன்று. ஒரே சேனலில் இரண்டு உரையாடல்களை அனுப்பும் பி25 இரண்டாம் கட்டம் உங்கள் ஊரில் இருந்தால், அதைப் புரிந்துகொள்ளும் மாடல்தான் வேண்டும். என்கிரிப்ட் செய்த டாக்குரூப்பை எந்த ஸ்கேனரும் திறக்காது. அதற்காகப் பணத்தைக் கொட்டாதீர்கள். நியூயார்க், மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் காரில் ஸ்கேனர் வைத்திருக்கக் கட்டுப்பாடு உண்டு, சட்டத்தைப் படித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக ஏற்றியும் ஒரு டாக்குரூப் மட்டும் பேசவில்லையா? புரோகிராமைக் கலைத்துவிடாதீர்கள். அந்தக் குழுவின் ரேடியோ ஒன்றாவது ஒரு சைட்டில் பதிவாகியிருந்தால்தான் அதன் பேச்சு பொதுவாக அந்த சைட்டுக்கு வரும். பக்கத்துக் கவுண்டி போலீஸ் உங்கள் சைட்டின் பக்கம் வராத நேரத்தில் அவர்கள் குரல் அதில் கேட்காது. சில நாள், வரும் டாக்குரூப்பையெல்லாம் பிடிக்கும் ஐடி சர்ச் நிலையில் ஓடவிட்டு, உண்மையில் வந்துபோகும் டாக்குரூப் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியில் கிடைக்கும் டாக்குரூப் பட்டியலைவிட அந்தக் குறிப்பையே நான் நம்புவேன்.

சிக்னல் முழுதாகக் காட்டியும் குரல் உடைந்தால், பெரும்பாலும் சிமல்காஸ்ட்தான் காரணம். பல கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. அவை உங்களிடம் நுண்ணிய கால வித்தியாசத்தில் வந்து மோதுவதால் டிஜிட்டல் தரவு கலங்கிப்போகிறது. பலரும் உடனே பெரிய ஆண்டெனா வாங்குகிறார்கள். எல்லாத் திசையிலும் இழுக்கும் ஆண்டெனா கலக்கத்தைக் கூட்டவே செய்யும். ஸ்கேனரை ஓரடி நகர்த்திப் பாருங்கள். 800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 37 செ.மீ.தான், அந்த ஓரடியே பெரிய மாற்றம் தரும். சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் போட்டுப் பாருங்கள். அப்படியும் தெளியவில்லையென்றால் ஒரு திசையில் மட்டும் இழுக்கும் சிறிய யாகி ஆண்டெனாவை ஒரே கோபுரத்தின் பக்கம் திருப்பி வையுங்கள். இந்தச் சிக்கலைச் சமாளிக்கவென்றே வந்த யூனிடன் எஸ்டிஎஸ்100, எஸ்டிஎஸ்200 மாடல்களை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.