அக்கியும் எட்டாம் வகுப்புப் பாடமும்

எனக்கு அக்கி வந்தது இது மூன்றாம் முறை. முதல் முறை விலாவில் எரிந்தபோது தசைப்பிடிப்பென்று தைலம் தேய்த்தே நான்கு நாள் போக்கினேன். வலி மூன்று மாதம் விடவில்லை. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்க வேண்டுமாம். இம்முறை முதல் நாளே மருத்துவரிடம் போனேன். பொருக்கு உதிரும்வரை விடுப்பும் எடுத்தேன். "அக்கிக்கெல்லாம் லீவா?" என்றார்கள். கொப்புள நீர் பட்டால், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியை ஏழு மாதக் கர்ப்பிணி.

திரும்பியதும் நுண்ணுயிரிகள் பாடம். கரும்பலகையில் முதுகெலும்பையும் நரம்புகளையும் வரைந்தேன். சின்னம்மை ஆறினாலும் வைரஸ் நரம்பு வேரில் உறங்குகிறது. எதிர்ப்பாற்றல் குறையும்போது அந்த நரம்பு வழியே தோலுக்கு வருகிறது என்றேன்.

"அதான் ஒரு பக்கம் மட்டும் வருதா டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி, தன் விலாவில் விரலால் கோடிழுத்து. நான் எழுதி வைத்திருந்த அடுத்த கேள்வியே அதுதான்!

"எங்க பாட்டிக்கு நேத்துதான் குயவர் வீட்டுல காவி எழுதினாங்க."

"எந்த இடத்துல?"

"நெத்தியில, கண்ணுகிட்ட."

கண்ணருகே வந்தால் பார்வையே பாதிக்கப்படலாம். பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அவள் அப்பாவுக்குப் போன் செய்தேன். மதியமே பாட்டியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.