கல்லெழுத்துக்குக் கணினியில் இடம்

கேள்வி: சீன மொழியின் அரிய எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் இடம் கொடுக்கிறார்களாம். எங்கள் நயினாதீவுக் கல்வெட்டையும் அப்படித் தட்டச்சுச் செய்ய முடியுமா? புகைப்படம் போதாதா? (வாசகர், வேலணை)

பதில்: முடியும், ஆனால் சீனத்தின் வழியில் அல்ல. அங்கே ஒவ்வோர் அரிய எழுத்தும் தனிக் குறி. அது எங்கே ஆளப்பட்டது என்று சான்று காட்டினால் ஒருங்குறி (யூனிகோடு) அதற்கோர் எண் தரும். பொதுவழக்கில் உள்ளவற்றையும் சேர்த்தால் அங்கே இடம்பெற்ற சீன எழுத்துகள் 90,000ஐத் தாண்டிவிட்டன. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுக் கல்லில் ககரத்தின் வடிவம் இன்றையதிலிருந்து வேறுபட்டாலும் அது ககரம்தான், எண்ணும் ஒன்றே. பழைய வடிவத்தைக் காட்டுவது எழுத்துருவின் வேலை. உண்மையில் இடமின்றி நின்றவை அக்காலக் கல்வெட்டுகளில் வடசொற்களோடு கலந்துவரும் கிரந்தமும், பழைய கணக்குகளின் பின்னக் குறிகளும். கிரந்தம் 2014இலும், முந்திரி முதலான பின்னக் குறிகள் 2019இலும் ஒருங்குறியில் ஏறின.

கிரந்தம் தமிழுக்குள் புகுந்துவிடும் என்று 2010இல் தமிழ்நாட்டில் எழுந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அது தனித் தொகுதியாக அமைந்ததால் தமிழ்த் தொகுதி கலங்கவில்லை. புகைப்படமோ கட்டாயம் வேண்டும். வாசிப்பில் ஐயம் வந்தால் அதுதான் சாட்சி. ஆயினும் யானை, குதிரை கொண்டுவரும் கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்று அந்தக் கல் சொல்லும் அரிய கடற்சட்டத்தைப் படத்துக்குள் தேட முடியாது. பாமினி எழுத்துருவில் அடித்துவைத்த பாடத்திலும் அதே இடர்தான்: ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருப்பதால், தமிழில் தேடினால் அகப்படாது; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் குலைந்துவிடும். கல்லில் வரும் துறைமுகமான ஊராத்துறையின் பெயரைத் தேடும் மாணவரிடம் இந்தக் கல் போய்ச் சேர, முதலில் பாமினிப் பாடங்களை ஒருங்குறிக்கு மாற்றி, வரிக்கு வரி படத்தோடு இணைக்க வேண்டும்.