உழைத்த கைகளின் ஒப்புரவு

நுழையும்முன்

கொடை என்றதும் முடிவேந்தரும் பெருஞ்செல்வரும் நம் நினைவுக்கு வருகின்றனர். மிகுதியாக உடையவரே கொடுக்க இயலும் என்பது பலருடைய எண்ணம். ஆனால், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட ஒரு மக்கள் கூட்டத்தின் பெண்கள், பிறர் ஆடைகளை வெளுத்துப் பெற்ற சில்லறைக் காசுகளைக்கொண்டு வங்கியையும் கல்வி உதவிநிதியையும் உருவாக்கினர். யாருக்குக் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்பவற்றையும் தாமே முடிவு செய்தனர். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அவ்வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பத்து நாணயங்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டீஸ்பர்க் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் வங்கி அதிகாரி ஒருவர், தம் எதிரே அமர்ந்திருந்த மூதாட்டியின் முன் பத்துச் சிறு நாணயங்களை வைத்தார். ஒவ்வொரு நாணயமும் அம்மூதாட்டியின் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைக் குறித்தது. தம் காலத்துக்குப்பின் எப்பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்று பிரித்துக் காட்டுமாறு அவர் கேட்டுக்கொண்டார். மூதாட்டி ஒரு நாணயத்தைத் தம் தேவாலயத்துக்கும் மூன்று நாணயங்களை உறவினருக்கும் ஒதுக்கினார். எஞ்சிய ஆறு நாணயங்களை அவ்வூரில் இருந்த தெற்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துக்கு என்றார். அந்த ஆறு நாணயங்கள் குறித்த தொகை ஏறத்தாழ 1,50,000 டாலர்.

அம்மூதாட்டியின் பெயர் ஓசியோலா மெக்கார்ட்டி. 1908ஆம் ஆண்டு பிறந்த அவர், ஆறாம் வகுப்புப் படிக்கையில் நோயுற்ற உறவுப்பெண்மணியைக் கவனிக்கும் பொருட்டுப் பள்ளியைவிட்டு நின்றார். உடன் பயின்றோர் மேல்வகுப்புகளுக்குச் சென்றுவிட்டமையால் மீண்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் வீட்டு ஆடைகளை வெளுத்தும் தேய்த்தும் கொடுத்து வாழ்ந்தார். மகிழுந்து ஒன்றும் அவர் வாங்கவில்லை. செல்லுமிடமெல்லாம் நடந்தே சென்றார். கையில் கிடைத்த சிறுகூலியில் ஒரு பகுதியை வங்கியில் இட்டார். இட்டதை எடுக்காமலே இருந்தார். மூட்டுவலி கைகளை முடக்கிய பின்னரே, எண்பத்தாறாம் வயதில் தொழிலை நிறுத்தினார்.

1995ஆம் ஆண்டு இக்கொடைச் செய்தி வெளியானபோது நாடே வியந்தது. வியப்புக்குக் காரணம் தொகையின் பெருமை மட்டுமன்று. அவர் பொருள் வழங்கிய பல்கலைக்கழகம், அவர் இளமைக்காலத்தில் கறுப்பின மாணவர் எவரையும் சேர்த்துக்கொள்ளாத நிறுவனம். 1965ஆம் ஆண்டில்தான் அதன் வாயில் கறுப்பினத்தவர்க்குத் திறந்தது. அப்போது மெக்கார்ட்டியின் வயது ஐம்பத்தேழு. தமக்குக் கிட்டாத கல்வி, பொருளின்மையால் இன்னொருவருக்குக் கிட்டாமல் போய்விடக்கூடாது என்று அவர் எண்ணினார்.

ஆடை வெளுத்த கையில் கொடைக்கான துணிவு எவ்வாறு பிறந்தது? அதை அறிய, நாம் நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சலவைத்தொட்டியின் அருகில்

1865ஆம் ஆண்டு அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்க்கு நிலமும் இல்லை, கைப்பொருளும் இல்லை. தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்குத் திறந்திருந்த வேலைகள் மிகச்சில. அவற்றுள் ஒன்று சலவைத்தொழில். நீர் சுமந்து, அடுப்பு மூட்டி, கொதிக்கும் நீரில் ஆடைகளைப் புரட்டி, பலகையில் தேய்த்து, உலர்த்தி, இரும்புப் பெட்டியால் தேய்த்து மடிக்கும் கடுமையான உழைப்பு அது. ஆயினும் அதனைப் பெண்கள் பலர் விரும்பி ஏற்றனர். எசமானர் வீட்டில் நாள் முழுதும் ஏவலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தம் வீட்டு முற்றத்திலேயே குழந்தைகளைக் கவனித்தவாறு உழைக்கலாம். அண்டை வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி வெளுத்ததால், அத்தொட்டிகளின் அருகிலேயே ஊர்ச்செய்தியும் உரிமைப்பேச்சும் வளர்ந்தன.

1881ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அட்லாண்டா நகரத்துச் சலவைப் பெண்கள் ஏறத்தாழ இருபதுபேர் கூடிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். தம் உழைப்புக்குரிய கூலியைத் தாமே வரையறுத்து, அதனைப் பெறும்வரை வேலைநிறுத்தம் செய்வதென முடிவெடுத்தனர். மூன்றே வாரங்களில் அவர்களுடைய எண்ணிக்கை மூவாயிரத்தை எட்டியது. கைதும் தண்டமும் அவர்களை அச்சுறுத்தவில்லை. அவர்களைக் கண்டு, சமையற்பெண்களும் குழந்தைகளைப் பேணும் பணிப்பெண்களும் கூலி உயர்வு கேட்டனர். எளியவர்கள் கைகோத்தால் வலிமை பெறுவர் என்னும் பாடத்தை அட்லாண்டாவின் தொட்டிகள் கற்பித்தன.

காசுகளைக் கூட்டிய வங்கி

அப்பாடத்தைப் பொருளியலில் செயற்படுத்தியவர் மேகி லீனா வாக்கர். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். அவருடைய தாய் முன்னர் அடிமையாக இருந்தவர். பின்னர்ச் சலவைத்தொழிலால் குடும்பத்தைக் காத்தவர். வெளுத்த துணிகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் பணி சிறுமி மேகியினுடையது.

செயின்ட் லூக் என்னும் கறுப்பினத்தவரின் உதவிச் சங்கத்தில் இளமையிலேயே இணைந்தார் மேகி. நோயுற்ற உறுப்பினர்க்கு உதவுவதும் இறந்தோரை முறையாக அடக்கம் செய்வதும் அச்சங்கத்தின் நோக்கங்கள். 1899ஆம் ஆண்டில் நலிவுற்றிருந்த அதன் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. மக்கள் தம் காசுகளைத் தமக்குள் சேர்த்து, தமக்குள்ளேயே கடனாகவும் தொழிலாகவும் சுழலவிட வேண்டும் என்று அவர் 1901ஆம் ஆண்டு அறைகூவல் விடுத்தார். 1902ஆம் ஆண்டு செய்தித்தாள் ஒன்றைத் தொடங்கினார். 1903ஆம் ஆண்டு செயின்ட் லூக் காசு சேமிப்பு வங்கியை நிறுவித் தாமே அதன் தலைவரானார். அமெரிக்காவில் வங்கி ஒன்றை நிறுவித் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே.

சலவைப் பெண்களும் கூலியாட்களும் கொண்டுவந்த சிறுதொகைகளை அவ்வங்கி மதிப்புடன் ஏற்றது. சிறுவர்க்குச் சேமிப்புப் பழக்கத்தைக் கற்பித்தது. சொந்த வீடு வாங்குவோர்க்குக் கடன் அளித்தது. சமையலறையையும் சலவைத்தொட்டியையும் அன்றி வேறு வேலை அறியாத குடும்பங்களின் பெண்கள், சங்கத்தின் அலுவலகத்தில் எழுத்தர்களாக அமர்ந்தனர். மேகி வாக்கர் தனியொருவராகப் பொருளை வாரி வழங்கவில்லை. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே வரிசையில் நிற்கும் அமைப்பை உருவாக்கினார். அதுவே அவர் செய்த பெருங்கொடை.

தெரிந்து தெளிவோம்

1896ஆம் ஆண்டு வாசிங்டன் நகரில், கறுப்பினப் பெண்களின் மன்றங்கள் பல ஒன்றிணைந்து தேசியச் சங்கமாயின. அதன் முதல் தலைவர் மேரி சர்ச் டெரல். தாம் உயர்கையில் பிறரையும் உயர்த்த வேண்டும் என்பது அச்சங்கத்தின் குறிக்கோளுரை. மழலையர் பள்ளி, குழந்தைகள் காப்பகம், முதியோர் இல்லம் முதலியவற்றை அம்மன்றங்கள் நடத்தின. பெண்களின் வாக்குரிமைக்காகவும் அவை குரல் கொடுத்தன.

அவையில் எழுந்த பெண்

இதே காலத்தில் வாழ்ந்த மற்றொரு பெண்மணி மேடம் சி. ஜே. வாக்கர். மேகி வாக்கருக்கு இவர் உறவினர் அல்லர். இவருடைய இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867ஆம் ஆண்டு லூசியானாவின் பருத்திப் பண்ணை ஒன்றில் பிறந்தார். ஏழு வயதில் பெற்றோரை இழந்தார். இருபது வயதில் கணவரையும் இழந்தார். செயின்ட் லூயிஸ் நகரில் ஆடை வெளுத்து மகளை வளர்த்தார். பின்னர்க் கூந்தல் பராமரிப்புப் பொருள்களை உருவாக்கி விற்று, பெருந்தொழில் நிறுவனம் ஒன்றின் உரிமையாளரானார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் அவருடைய விற்பனை முகவர்களாகித் தம் வருவாயைத் தாமே ஈட்டினர்.

1912ஆம் ஆண்டு சிகாகோவில் கறுப்பின வணிகர்களின் மாநாடு நடைபெற்றது. அதன் தலைவர் புகழ்பெற்ற கல்வியாளர் புக்கர் டி. வாசிங்டன். பேச வாய்ப்பு வேண்டிய மேடம் வாக்கருக்கு அவர் இசைவு தரவில்லை. இறுதி நாளில் வாக்கர் தாமே எழுந்தார். பருத்திக்காட்டிலிருந்து சலவைத்தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும், பின்பு சொந்தத் தொழிலுக்கும் தாம் உயர்ந்து வந்த வழியை எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டு மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளராக மேடையேறினார். இன ஒடுக்குமுறையை எதிர்த்த அவையிலும் பெண்ணின் குரலுக்கு இடம் எளிதில் கிட்டவில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அவர் கல்வி நிறுவனங்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் பொருள் வழங்கினார். 1919ஆம் ஆண்டு, கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமைக்கு எதிரான இயக்கத்துக்கு 5,000 டாலர் அளிக்க முன்வந்தார். மிகுதியாக விற்ற முகவர்க்கு மட்டுமன்றி, தம் ஊரில் மிகுதியாக அறப்பணி செய்தோர்க்கும் பரிசு வழங்கினார். தம் நிறுவனத்தின் தலைவராக என்றும் ஒரு பெண்ணே இருத்தல் வேண்டும் எனவும் வகைசெய்தார். பொருளைக் கொடுப்பதோடு முடிவெடுக்கும் உரிமையையும் பெண்ணிடம் கொடுத்தமையே அவருடைய தொலைநோக்கு.

ஈகையும் ஒப்புரவும்

திருவள்ளுவர் ஒப்புரவறிதல், ஈகை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. உலகத்தோடு இயைந்து, தன்னைப் போன்றே பிறரையும் கருதிப் பயன்பட வாழ்வது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழும் நிற்க நேரலாம். ஒப்புரவில் அத்தகைய ஏற்றத்தாழ்வுக்கு இடமில்லை. மேற்கண்ட பெண்களின் கொடையை ஒப்புரவு என்பதே பொருத்தம். அவர்கள் வறுமையை வெளியே நின்று பார்த்து இரங்கியவர்கள் அல்லர். அதனுள் வாழ்ந்து, அதன் பூட்டு எங்கே உள்ளது என்று அறிந்தவர்கள். ஆகவேதான் ஒருவர் வங்கியையும், மற்றொருவர் வேலைவாய்ப்பையும், இன்னொருவர் கல்வியையும் திறவுகோலாகத் தேர்ந்தனர்.

ஓசியோலா மெக்கார்ட்டியின் கொடை, அவர் காலத்துக்குப்பின் பல்கலைக்கழகத்தைச் சேர வேண்டியது. ஆனால் அவ்வூர் வணிகர்கள் ஈடான தொகையைத் திரட்டியதால், உதவித்தொகை உடனே வழங்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் தாமும் பொருள் அனுப்பினர். ஆறாம் வகுப்பைத் தாண்டாத அவருக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1996ஆம் ஆண்டு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1999ஆம் ஆண்டு மறைவதற்குமுன், தம் கொடையால் பயின்ற மாணவர்களை அவர் கண்ணாரக் கண்டார்.

எவ்வளவு வைத்திருக்கிறோம் என்பதைவிட, வைத்திருப்பதன்மீது நமக்கு என்ன உரிமை உண்டு என்பது பெரிய வினா. தான் ஈட்டியதைத் தானே சேமிக்கவும், தானே பகிரவும், அவையில் எழுந்து தன் கருத்தை உரைக்கவும் ஒரு பெண்ணுக்கு உரிமை இருக்குமானால், அதன் பயன் அவளோடு நின்றுவிடுவதில்லை. மேசைமீது வைக்கப்பட்ட அந்த ஆறு நாணயங்கள் அதற்குச் சான்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் மகளிர் சேமிப்புக் குழு ஒன்றின் உறுப்பினரைச் சந்தித்து, சேமிப்பால் அவர் வாழ்வில் நேர்ந்த மாற்றங்களைக் கேட்டு எழுதுக.
2. 'கொடுப்பதற்குச் செல்வம் வேண்டுமா, மனம் வேண்டுமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. ஓசியோலா மெக்கார்ட்டி பள்ளிப்படிப்பை ஏன் தொடர இயலவில்லை?
2. கறுப்பினப் பெண்கள் பலர் சலவைத்தொழிலை விரும்பி ஏற்றது ஏன்?

சிறுவினா
1. ஈகைக்கும் ஒப்புரவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதிகொண்டு விளக்குக.
2. 1912ஆம் ஆண்டு மாநாட்டு நிகழ்ச்சி உணர்த்தும் கருத்து யாது?

நெடுவினா
கொடையையும் பெண்களின் முடிவெடுக்கும் உரிமையையும் கறுப்பினப் பெண்கள் இணைத்த பாங்கினைத் தொகுத்தெழுதுக.