பிறர் உழைப்பும் நம் எழுத்தும்: கோலார் தங்கவயல் தரும் பாடம்

பல்கலைக்கழக மாணவர் எழுதும் கட்டுரையில் எது அவர்தம் கருத்து, எது பிறரிடமிருந்து பெற்றது என்பது படிப்பவருக்கு ஐயமின்றி விளங்குதல் வேண்டும். இந்நெறியின் பயனைக் கோலார் தங்கவயலில் நடந்த ஓர் ஆய்வின் வரலாறு தெளிவாக்குகிறது.

இரு சுரங்கங்கள்

1965-ஆம் ஆண்டில் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிஞர்கள் கூட்டாய்வு நடத்தினர். அண்டக் கதிர்களால் காற்று மண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடயத்தை அவர்கள் கண்டனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஃபிரெட்ரிக் ரெய்ன்ஸ் குழுவினரும் அதனைக் கண்டனர்.

தென்னாப்பிரிக்கக் குழுவின் முதல் நிகழ்வு பிப்ரவரி 23 அன்று பதிவாயிற்று. ஆனால் தங்கவயல் கட்டுரை ஜூலை 12 அன்றும், மற்றது ஜூலை 26 அன்றும் தத்தம் இதழ்களுக்குக் கிடைத்தன. அவை முறையே ஆகஸ்ட் 15, 30 ஆகிய நாட்களில் வெளிவந்தன. ஆகவே, பதிவில் ஒரு குழுவும் வெளியீட்டில் மற்றொரு குழுவும் முந்தின. ஒன்றை மட்டும் கூறி மற்றதை மறைப்பது நேர்மையாகாது. நாளும் பெயரும் முறையாகக் குறிக்கப்பட்டமையாலேயே இரு சாராருக்கும் உரிய பெருமை இன்று கிடைக்கிறது. தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அங்கு நிகழ்ந்த உழைப்புக்கு இப்போது எழுத்தே சான்று. மூலத்தைக் கூறாது எடுத்தெழுதுபவர் அச்சான்றையே அழிக்கிறார்.

விதியும் அதன் எல்லையும்

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் இதற்கென ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனையில்லை. 10-க்கு மேல் 40 வரை எனில் ஆறு மாதத்திற்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை எனில் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர இயலாது. அதற்கும் மேற்பட்டால் பதிவு நீக்கப்படும்.

எனினும், விழுக்காடு சொற்களை மட்டுமே அளக்கும். சொற்களை மாற்றிக் கருத்தை எடுத்தாண்டால் அளவு குறையும், கடன் குறையாது.

செய்ய வேண்டுவன

குறிப்பெடுக்கும்போதே ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை எழுதுக. பிறர் சொற்களை மேற்கோள் குறிக்குள் அடைத்திடுக. நூலை மூடி வைத்துத் தம் நடையில் எழுதிய பின்னரும் மூலத்தைச் சுட்டுக. அலுவலர்களும் முந்தைய அறிக்கையின் புள்ளிவிவரத்தை எடுத்தாளும்போது அவ்வறிக்கையின் பெயரையும் ஆண்டையும் குறித்தல் நன்று. பழைய எண்ணைப் புதியதென நம்பி நிதி ஒதுக்கினால், அத்தவற்றின் சுமை மக்கள் மீதே விழும்.