தகப்பன் டியூக், மகன் ஏர்ல்

கேள்வி: நார்ஃபோக் டியூக்கின் மூத்த மகன் பிலிப் ஹோவர்டை வரலாற்று நூல்கள் ‘அருண்டெல் ஏர்ல்’ என்றே குறிப்பிடுகின்றன. தகப்பனின் பட்டம்தானே மகனுக்கு வரும்?

பதில்: வந்திருக்க வேண்டும். ஆனால் தகப்பனார் தாமஸ் ஹோவர்ட், ஸ்காட்லாந்து ராணி மேரியை மணந்துகொள்ளத் திட்டமிட்டு, முதலாம் எலிசபெத்துக்கு எதிரான சதியிலும் சிக்கி, 1572-இல் தலை வெட்டப்பட்டார். அன்றைய ராஜத்துரோகத் தீர்ப்பு உயிரைப் பறிப்பதோடு நிற்கவில்லை; பட்டமும் சொத்தும் வாரிசுக்குப் போகாமல் அறுந்துவிட்டன. பிலிப்புக்கு அப்போது பதினான்கு வயது. அவருடைய தாத்தா, கவிஞர் சர்ரே ஏர்லும் 1547-இல் அப்படியே கொல்லப்பட்டவர்தான். இத்தனைக்கும் எலிசபெத்தின் தாயைப் பெற்ற பாட்டி இதே ஹோவர்ட் வீட்டுப் பெண்!

‘அருண்டெல்’ அம்மா வழி வந்த பட்டம். பிலிப்பைப் பெற்ற சில வாரங்களிலேயே மேரி ஃபிட்ஸ்ஆலன் இறந்துபோனார். அவருடைய தந்தைக்கு ஆண் வாரிசு மிஞ்சவில்லை. ஆகவே 1580-இல் அவர் மறைந்ததும் ஏர்ல் பட்டம் பேரனிடம் வந்தது. டியூக் பட்டம் 1660-இல்தான், பிலிப்பின் கொள்ளுப்பேரன் காலத்தில், குடும்பத்துக்குத் திரும்பியது.

கேட்டது பட்டத்தைப் பற்றி. ஆனால் அந்த மனிதரைப் பற்றியும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. தகப்பனார் மூன்றாம் தாரமாக மணந்த விதவைக்கு மூன்று பெண்கள். மூவரையும் தன் மூன்று மகன்களுக்கே பேசி முடித்தார். பிலிப்புக்கு வாய்த்தவர் ஆன் டேக்கர். அரசவை மோகத்தில் இளமையில் மனைவியைப் பாராமுகமாய் விட்டிருந்தவர், பின்னாளில் மனம் திருந்தி அவரோடு வாழ்ந்தார். 1584-இல் கத்தோலிக்கராக மாறினார். அன்றைய இங்கிலாந்தில் அது ஆபத்தான முடிவு. மறு ஆண்டு கப்பலேறித் தப்ப முயன்றபோது கடலிலேயே பிடிபட்டு, லண்டன் டவர் சிறையில் அடைக்கப்பட்டார். 10,000 பவுண்டு அபராதம் வேறு.

ஆன் அப்போது கர்ப்பிணி. ஜூலையில் மகன் தாமஸ் பிறந்தான். பின்னாளில் கிரேக்க, ரோமானியச் சிற்பங்களைத் தேடிச் சேர்த்துப் பெயர் பெற்றவர் அந்தத் தாமஸ்தான். அவற்றில் பல இன்றும் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஸ்பெயினின் ஆர்மடா கடற்படை வெல்லவேண்டுமென்று பிரார்த்தனை செய்வித்தார் என்று 1589-இல் பிலிப்புக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. எலிசபெத் ராணி அதை நிறைவேற்றவும் இல்லை, நீக்கவும் இல்லை. உடல் நலிந்தபோது, மனைவியையும் மகனையும் ஒருமுறை பார்க்க அனுமதி கேட்டார். ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டுக்கு ஒருமுறை வந்தால் போதும், அவர்களையும் பார்க்கலாம், இழந்ததையும் பெறலாம் என்று பதில் வந்தது. பிலிப் போகவில்லை.

1595 அக்டோபர் 19 அன்று, 38 வயதில், சிறையிலேயே இறந்தார். அவர் கண்ணால் காணாத மகனுக்கு அப்போது பத்து வயது.